வரிசையில் நிற்காதவர்

உலக வரலாற்றில் எந்த வரிசையிலும் நிற்காமல் நாற்பத்திரண்டு வயதை எட்டிய ஒரே மனிதர் மடிப்பு மாஸ்டர்தான். இதில் மிகை எதுவும் இல்லை. அரசகுமாரர்கள்கூட அப்பா எப்போது போவார் என்று காத்திருந்துதான் முடிசூட்டிக்கொண்டார்கள். மாஸ்டர் அந்த அளவுக்குக்கூட யாருக்காகவும் காத்திருந்தது கிடையாது.

காரணம் அவருடைய இஸ்திரிக் கடை. கரண்டு ஆபீஸ் எஞ்சினியர், ரேஷன் கடைக்காரர், பேங்க் மேனேஜர், டாக்டரின் கம்பவுண்டர் என்று அந்த வட்டாரத்தில் நாலு பேர் முன்னால் விறைப்பாக உட்கார வேண்டிய அத்தனை பேருடைய விறைப்பும் அவர் மேசையில் தயாரானதுதான். ஆகவே அவர் தலை வாசலில் தெரிந்ததுமே, மாஸ்டர் நீங்க ஏன் நிக்கறீங்க, உள்ள வாங்க என்று குரல் வரும். வெயிலில் நிற்கும் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க அவர் உள்ளே போவார். திரும்பி வரும்போது அந்த நாற்பது பேரின் சட்டைகளையும் ஒரு பார்வை பார்ப்பார். கசங்கியிருக்கும். அவருக்கு அதில் ஒரு நியாயம் இருப்பதாகத் தோன்றும்.

வெளிநாட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் வீட்டில் விருந்துச் சாப்பாடு. தாலுகா ஆபீசில் எழுத்தராக இருக்கும் மனைவியின் தம்பியும் வந்திருந்தான். மாஸ்டர் ரசம் விட்டுக்கொண்டே அவனுக்குத் தம் தத்துவத்தை விளக்கினார்.

"வரிசைங்கறது ஒரு வியாதிடா மாப்ள. எவன் ஒருத்தன் வரிசைல நிக்கறானோ, அவனை அந்த எடத்துல ஒருத்தருக்கும் தெரியாதுன்னு அர்த்தம்."

"நீங்க போற எடத்துல மட்டும் உங்களை யாருக்குத் தெரியும் மாமா?"

"பத்து நாள்ல தெரிஞ்சிடும்."

"சரி. எதுக்கும் உங்க இஸ்திரி மேசையை விக்காம வெச்சிருக்கேன்."

மாஸ்டர் மோருக்குக் காத்திராமல் எழுந்து கை கழுவிவிட்டார்.

போகிற இடத்தைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் வந்து கடை வைக்கலாம் என்று அந்த நாட்டின் அயலார் தொழில் வரவேற்பு வாரியம் வழவழப்பான காகிதத்தில் அழைத்திருந்தது. அட்டைப் படத்தில் ஓர் அதிகாரி சிரித்தபடி கை நீட்டிக்கொண்டிருந்தார். கீழே 'ஒரே நாளில் தொழில்' என்று போட்டிருந்தது. மாஸ்டர் பார்த்தது அந்த எழுத்தை அல்ல, அதிகாரியின் சட்டைக் கையை. கசங்கல். படம் பிடிக்கிற அன்றைக்கே இந்த லட்சணம் என்றால் தெருவில் நடமாடுகிறவர்கள் கதி என்ன என்று யோசித்தார். ஒரு நாடே தம் இஸ்திரிப் பெட்டிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார். நிபந்தனை ஒன்றுதான்: ஓராண்டுக்குள் கடை திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். திறந்து, அது ஓராண்டு ஓடினால் மனைவியை அழைத்துக்கொள்ளலாம்.

வாரியத்தின் கூடம் பெரியது. சுவரில் பதினாலு மொழிகளில் 'வருக' என்று எழுதி, அதற்குக் கீழே அந்த ஊர் மொழியில் மட்டும் 'அழைக்காமல் வரக்கூடாது' என்று எழுதியிருந்தார்கள். ஒன்றோடொன்று திருகி மாட்டிய அறுபது நாற்காலிகள், வாசலருகே டோக்கன் துப்பும் இயந்திரம், உத்தரத்தில் ஒலிபெருக்கி. மாஸ்டர் நேராகக் கவுண்டருக்குப் போய்ப் பழக்கதோஷத்தில் சிரித்துக்கொண்டு நின்றார். காவலாளி, திருவிழாவில் தொலைந்த பிள்ளையைப் பிடிப்பது போல முழங்கையைப் பிடித்து, அவரை இயந்திரத்திடம் கொண்டு சேர்த்தான்.

அன்றைக்குப் போனில் மனைவியிடம், இங்கே வரிசை கிடையாது, நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள் என்று சொன்னார். பொய் அல்ல. இயந்திரத்தின் முன்னால்தான் ஐந்தாறு பேர் நிற்பார்கள். மாஸ்டர் கொஞ்சம் தள்ளிப் போய்ச் சுவர்க் கடிகாரத்தை ஆராய்வார். இடம் காலியானதும் வந்து டோக்கன் கிழிப்பார். இதற்காக அரைமணி நேரம் வீணானாலும் சாதனை முறியவில்லை.

கவுண்டர் எழுத்தர் வழுக்கைத் தலையும் சுத்தமான நகங்களும் உள்ளவர். வாரியமே நடத்திய வகுப்பில் மாஸ்டர் அந்த ஊர் மொழியைக் கற்றிருந்தார். 'காத்திருக்கிறேன்', 'இன்னும் காத்திருக்கிறேன்', 'காத்திருந்ததற்கு நன்றி' ஆகிய மூன்று வாக்கியங்களும் பிழையில்லாமல் வரும். மற்றதை அவரே தட்டுத்தடுமாறிப் பிடித்துக்கொண்டார். ஒரே நாளில் தொழில் என்று போட்டிருக்கிறதே என்று முதல் நாளே கேட்டார்.

"ஆமா, ஒரே நாள்லதான் கிடைக்கும்," என்றார் எழுத்தர். "எந்த நாள்னு போடலையே."

எழுத்தரிடம் இன்னொரு விசேஷம் உண்டு. இரண்டாம் முறை போனபோதும், ஆறாம் முறை போனபோதும், பதினோராம் முறை போனபோதும் அவர் தலை நிமிர்ந்து, நீங்க யாரு என்றுதான் ஆரம்பித்தார். பதினோராம் முறை மாஸ்டருக்கு மனசு விட்டுப்போயிற்று.

"முந்தாநாள்தானே சார் வந்தேன். அரை மணி நேரம் பேசினோமே. உங்க காலர்ல பொத்தான் தொங்குதுன்னுகூடச் சொன்னேனே."

"ஞாபகம் இருந்தா பாரபட்சம் வந்துடும்," என்றார் எழுத்தர் பொறுமையாக. "அதனால ஒவ்வொரு தடவையும் உங்களை மறந்துடணும். மூணு மாசம் பயிற்சி. போன வருஷம் இந்தக் கிளையிலேயே நல்லா மறக்கறவருன்னு எனக்குத்தான் கேடயம் குடுத்தாங்க."

கேடயம் மேசையில்தான் இருந்தது. அதில் யார் பெயரும் பொறிக்கவில்லை. காலர் பொத்தான் மட்டும் புதிதாகத் தைக்கப்பட்டிருந்தது.

கூடத்தில் முதல் வரிசையில் தினமும் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். ஐம்பதைத் தாண்டியவர், தோள் சரிந்தவர். பக்கத்து நாற்காலியில் தம் பழுப்புத் தோல்பையை வைத்திருப்பார். ஒலிபெருக்கி அவருடைய எண்ணைச் சொல்லும். எழுந்து நிற்பார், சட்டை நுனியை இழுத்து விட்டுக்கொள்வார். ஆனால் போக மாட்டார். ஒலிபெருக்கி இரண்டாம் முறை சொல்லும். பாட்டுக் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு இயந்திரத்திடம் போய் வரிசையில் நின்று வேறு டோக்கன் எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார். மாஸ்டர் அவருக்கு டோக்கனார் என்று பெயர் வைத்தார்.

ஒரு நாள் டோக்கனார் திரும்பி, நம்ம பாஷையா என்று கேட்டார். தமிழில் கேட்டார். மாஸ்டருக்கு நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. ஆனாலும் ஆம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு நாலு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். இந்த ஆளோடு சேர்ந்தால் இந்த ராசி தனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். இதைப் போனில் சொன்னபோது மனைவி வருத்தப்பட்டாள்.

"பேச ஒரு ஆள் கிடைச்சிருக்காரு, பேசலாம்ல?"

"அது கழண்ட கேஸு. பைக்கு ஒரு நாற்காலி, அதுக்கு ஒரு நாற்காலி. நம்பரைக் கூப்பிட்டாப் போகாம நின்னு ரசிக்குது. வேலைவெட்டி இல்லாம டோக்கன் கிழிக்கறதுக்குன்னே ஒரு பிறவி."

மனைவி சிரிக்கவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள்.

ஐந்தாம் மாதம், பல் டாக்டர் ஒருவரின் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார். மேசை போட்டார். பெட்டி வாங்கினார். திறந்துவிடலாமா என்று போய்க் கேட்டார். நீங்க யாரு என்று கேட்டுவிட்டு எழுத்தர் வெள்ளோட்ட விதியை எடுத்துக் கொடுத்தார். அனுமதி தருவதற்கு முன் கடை முப்பது நாள் நல்லபடியாக ஓடிக் காட்ட வேண்டும். ஆனால் அனுமதி இல்லாத கடைக்குள் வாடிக்கையாளர் வருவது குற்றம். ஆகவே வாடிக்கையாளர் இல்லாமல் ஓட்ட வேண்டும்.

மாஸ்டர் ஓட்டினார். காலை ஒன்பதுக்குக் கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். அவரிடம் இருந்தவை நாலு சட்டைகள். ஒன்றை உடுத்திக்கொண்டு மூன்றைத் தேய்ப்பார். தேய்த்ததைத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்து, வேறு யாரோ கொண்டுவந்து போட்டது போல மறுபடி எடுத்துத் தேய்ப்பார். மூன்றாம் நாளிலிருந்து சட்டைகளோடு பேச ஆரம்பித்தார். நீலக் கட்டம் போட்டதை எஞ்சினியர் சார் என்றார். வெள்ளையைக் கம்பவுண்டர் என்றார். எஞ்சினியர் சார், சாயங்காலம் ரெடியாயிடும் என்று சொல்வார். மேலே பல் பிடுங்குகிறவர்களின் முனகல் படிவழியாக இறங்கி வரும். மனிதக் குரல் என்று அந்த நாட்களில் அவர் காதில் விழுந்தது அதுதான்.

முப்பதாம் நாள் மேற்பார்வையாளர் வந்து முழங்கையூன்றி மேசையின் உறுதியைச் சோதித்தார். பிறகு அறிக்கை எழுதினார். அதன் சாரம்: சுத்தம் சிறப்பு, சுறுசுறுப்பு சிறப்பு, ஆனால் ஒரு மாதம் முழுக்க ஒரு வாடிக்கையாளர்கூட எட்டிப் பார்க்கவில்லை, இந்தத் தொழிலுக்கு இவ்வூரில் வரவேற்பு இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த அறிக்கையை எதிர்த்து முறையிட நாலு மாதம் ஆயிற்று. முறையீடு ஏற்கப்பட்டது. இன்னும் முப்பது நாள் ஓட்டும்படி உத்தரவாயிற்று. இந்த முறை மாஸ்டர் வாடிக்கையாளர் வராததற்கு வாரியத்தின் விதியே காரணம் என்று வாரியத்திடமே ஒரு சான்று வாங்கி வைத்துக்கொண்டார். அதற்கு ஒன்பது டோக்கன் ஆயிற்று. அந்தச் சான்றைப் படித்த மேற்பார்வையாளர், ஆதாரம் இருந்தா எனக்கென்ன என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரத்தில்தான் வரவேற்பு தினம் வந்தது. கூடத்தில் காகிதத் தோரணம் கட்டினார்கள். அறுபது நாற்காலியிலும் ஆட்கள். வாரியத் தலைவர் மேடை ஏறினார். அட்டைப் படத்தில் கை நீட்டியவர் அவர்தான். மாஸ்டர் பார்த்தார், அதே கசங்கல்.

"அன்பான அயலார்களே," என்றார் தலைவர். "எங்களைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் கணக்கு சொல்கிறேன். இந்த வாரியம் தொடங்கி இருபது ஆண்டுகளில் ஒருவரைக்கூட நாங்கள் வேண்டாம் என்று சொன்னதில்லை. வேண்டாம் என்று சொல்வது மனிதத்தன்மை அற்ற செயல். வந்தவர்கள் அத்தனை பேரும் எங்கள் நெஞ்சில் இருக்கிறார்கள். நெஞ்சில் இடம் போதாததால் சென்ற ஆண்டு இருபது நாற்காலிகள் கூட்டினோம். அடுத்த ஆண்டு நாற்காலிகளுக்கு மெத்தை போடத் திட்டம் இருக்கிறது. உங்களில் பலர் அதைப் பார்க்க இங்கேயே இருப்பீர்கள் என்று உறுதி கூறுகிறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். டோக்கனார் மட்டும் தம் நாற்காலியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

கடைசிப் படிவம் வந்தபோது ஓராண்டில் ஒன்பது நாள்தான் பாக்கி. அது அறிமுகச் சான்று. விண்ணப்பதாரரை நன்கு தெரிந்தவர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். அவர் அந்த நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். அரசு ஊழியராக இருக்கக் கூடாது. விண்ணப்பதாரரின் அன்றாடப் பழக்கம் ஏதாவது இரண்டையாவது தம் கைப்பட எழுத வேண்டும்.

மாஸ்டர் படிவத்தை மூன்று தடவை படித்தார். ஊரிலாக இருந்தால் இதற்கு அடிதடியே நடந்திருக்கும். இங்கே அவரைத் தெரிந்தவர் யார் என்று விரல் விட்டு எண்ண முயன்றார். விரல் மடங்கவில்லை. பல் டாக்டரிடம் போனார். வாயைத் திறங்க என்றார் அவர். பார்த்துவிட்டு, இதுக்கு முன்னாடி இந்தப் பல்லை நான் பார்த்ததே இல்லையே என்றார். ரொட்டிக் கடைக்காரியிடம் போனார். தினமும் ஒரே ரொட்டி வாங்கும் என்னைத் தெரியவில்லையா என்று கேட்டார். அவள் ரொட்டியைத் தெரிகிறது என்றாள். வேறு வழியில்லாமல் எழுத்தரிடமே வந்து நின்றார்.

"இந்த ஊர்ல என்னை அதிகமாப் பார்த்தது நீங்கதான் சார்."

எழுத்தர் கேடயத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "நீங்க யாரு?" என்றார்.

மாஸ்டர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எந்த வரிசை என்றுகூடப் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் மனைவி போன் செய்தாள். தம்பி மேசையைத் துடைத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். அவன் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறான் என்றாள். மாஸ்டர் உம் கொட்டினார். போனை வைத்தபின்தான் முன்னால் ஒரு பழுப்புத் தோல்பை தெரிந்தது. அதற்குப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது.

"குடுங்க அந்தப் பேப்பரை."

"நீங்க குடிமகன் இல்லையே."

"பதினாலு வருஷமா இங்க உக்காந்திருக்கேன். ஒருநா தப்பான கவுண்டர்ல என் நம்பரைக் கூப்பிட்டுட்டாங்க. அன்னிக்கு ஏதோ ஞாபகத்துல எழுந்து போயிட்டேன். குடியுரிமையைக் கைல குடுத்து அனுப்பிட்டாங்க."

டோக்கனார் படிவத்தைப் பையின்மேல் வைத்து எழுத ஆரம்பித்தார். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். இவர் காலை எட்டே முக்காலுக்கு வருவார். டோக்கன் எடுக்க ஆள் இருந்தால் கடிகாரம் பார்ப்பது போல நடிப்பார். இடது செருப்பைக் கழற்றி வைத்து உட்காருவார். போன் பேசினால் முதலில் சிரிப்பார், வைத்தபிறகு சிரிக்க மாட்டார். வெள்ளைச் சட்டை போடும் நாளில் நம்பிக்கையோடு இருப்பார். ஒரு வருஷத்தில் அப்படி ஆறு நாள். இரண்டு பழக்கம் கேட்ட இடத்தில் பதினொன்று எழுதி, தாளைத் திருப்பியும் எழுதினார்.

மாஸ்டர் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நீங்க என்ன தொழில் பண்றீங்கண்ணே?" என்று கேட்டார். மாஸ்டர் அவரைக் கேட்ட முதல் கேள்வி அது.

"சாவி வெட்டற கடை. லைசென்ஸ் கிடைச்சுப் பதிமூணு வருஷம் ஆச்சு."

"அப்ப எதுக்கு இங்க வரீங்க?"

டோக்கனார் பேனாவை மூடினார். "இந்த ஊர்ல பாதி வீட்டுக் கதவை என்னால திறக்க முடியும் தம்பி. ஒரு வீட்டுக்குள்ளயும் கால் வெச்சதில்ல. இங்க வந்தா என் நம்பரையாவது ரெண்டு தடவை கூப்பிடறாங்க."

மறுநாளே உரிமம் கிடைத்தது. ஒரே நாளில்தான் கிடைத்தது. முத்திரை குத்தும்போது எழுத்தர், "ஒருவழியா வந்துடுச்சு பாருங்க," என்று சொல்லிவிட்டார். சொன்னதும் முகம் வெளுத்துப்போயிற்று. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு அவசரமாக, நீங்க யாரு என்று கேட்டார். மாஸ்டர் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை.

ஊருக்குப் போன் செய்து, மேசையை விற்றுவிடச் சொன்னார். மனைவி அழுதாள். மச்சான் போனை வாங்கி, எப்படி மாமா என்றான். தெரிஞ்ச ஆள் ஒருத்தரு இருந்தாருடா என்றார் மாஸ்டர்.

உரிமத்தின் பின்பக்கத்தை அவர் அப்புறம்தான் படித்தார். அயலார் கடைகளில் வாடிக்கையாளருக்கும் கடைக்காரருக்கும் சங்கடம் நேராதபடி சுவரில் இரண்டு துவாரங்கள் வைக்க வேண்டும். ஒன்றில் துணி விழும். மற்றதில் துணி போகும். கதவு உள்பக்கம் பூட்டியிருக்க வேண்டும்.

கடை ஓடியது. சொல்லப்போனால் பிய்த்துக்கொண்டு ஓடியது, அந்த ஊரின் கசங்கலைப் பற்றி அவர் போட்ட கணக்கு துல்லியம். காலையில் துவாரத்தின் கீழே எண் ஒட்டிய பைகள் குவிந்திருக்கும். நூற்றுப் பதினேழு இடது கையால் எழுதுகிறவர், சட்டையின் இடது கை விளிம்பில்தான் மைக் கறை இருக்கும். நாற்பதுக்குப் புதிதாகக் குழந்தை பிறந்திருக்கிறது, தோளில் பால் கறை. எழுபத்தெட்டின் சட்டை திடீரென்று ஒருநாள் இரண்டு அளவு சிறியதாக வந்தது. அவர் என்ன வியாதியில் இளைத்தாரோ என்று மாஸ்டர் அன்று முழுக்கக் கவலைப்பட்டார். மடித்து மறு துவாரத்தில் வைத்தால் வெளியிலிருந்து ஒரு கை எடுத்துக்கொண்டு போகும். ஒரு தடவை கையைப் பார்த்துவிட்டு, உடம்பு பரவாயில்லையா என்று துவாரத்துக்குள் வாயை வைத்துக் கேட்டார். கை பயந்து ஓடிவிட்டது. மறுநாள் வாரியத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கடிதத்தில் அவருடைய எண் மட்டும் இருந்தது.

மனைவி வர இன்னும் எட்டு மாதம் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாஸ்டர் பெட்டியை அணைத்தார். வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். துவாரத்தின் மேல், சற்று நேரத்தில் திரும்புவேன் என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டார். வாரியத்தின் கூடத்தில் நாற்காலிகளுக்கு மெத்தை போட்டிருந்தார்கள். இயந்திரத்தின் முன்னால் யாரும் இல்லை. டோக்கன் எடுத்துக்கொண்டு முதல் வரிசைக்கு வந்தார். டோக்கனார் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து நாற்காலியிலிருந்து பழுப்புப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மாஸ்டர் உட்கார்ந்து இடது செருப்பைக் கழற்றி வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி அவருடைய எண்ணைச் சொன்னது. நல்ல குரல், பெண் குரல், ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்திச் சொன்னது. மாஸ்டர் எழுந்து நின்று சட்டை நுனியை இழுத்து விட்டுக்கொண்டார். கவுண்டரில் எழுத்தர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒலிபெருக்கி இரண்டாம் முறையும் சொன்னது. அது முழுசாக அடங்குகிறவரைக்கும் கேட்டார்.

பிறகு வாசலருகே போனார். இயந்திரத்தின் முன்னால் இப்போது மூன்று பேர் நின்றிருந்தார்கள். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நாலாவதாகப் போய் நின்றார்.